ஜில்லுனு ஒரு சொதப்பல்!

“அண்ணா, ஏசி போடுங்கண்ணா...”

சென்னையில கால்டாக்ஸி ஓட்டுற ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைக் கேட்பார்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க அப்பா தினமும் கேட்பார். இந்த வருஷம் மார்ச் கடைசியில அவர் சொல்ல வேண்டியிருந்த பதில்தான் பாவம். “போட்டுத்தாம்மா இருக்கு!”

ஆமாங்க. பட்டன் ஆன்ல இருக்கு, ஃபேன் உர்ருனு சுத்துது, காத்தும் வருது. ஆனா பஜ்ஜிக் கடை பக்கத்துல நின்னா முகத்துல அடிக்குமே, அந்தக் காத்து! ‘நல்ல டிரைவர். கார்தான் அடுப்பு’னு எழுதி, ரெண்டே ரெண்டு ஸ்டார் கொடுத்துட்டு இறங்கிப் போயிட்டார் ஒரு புண்ணியவான். ஸ்டார் குறைஞ்சா சவாரி குறையும். சவாரி குறைஞ்சா கார் டியூ இடிக்கும். டியூ இடிச்சா... அடுத்த வருஷம் என் காலேஜ் ஃபீஸும் சேர்ந்து இடிக்கும்.

“கேஸ் தீர்ந்திருக்கும் பாப்பா. போன வருஷமும் இதே சமயத்துலதான் அடிச்சோம். வருஷா வருஷம் அடிக்கிறதுதானே!”னார் அப்பா, ஏதோ மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற மாதிரி. கடையில் கேட்டா 1,800 ரூபாய்.

அப்பதான் என் வாயில சனி. “எதுக்குப்பா கடை? நான் மெக்கானிக்கல்தானே படிக்கிறேன்? நானே வீட்ல வச்சு அடிச்சுத் தர்றேன்!”

சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியணும். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். அறுபது பேர் இருக்கிற கிளாஸ்ல நாலே நாலு பொண்ணுங்க, அதுல ஒருத்தி. தெர்மோடைனமிக்ஸ்ல ஒரு அரியர் (இதை அப்பாகிட்ட அந்த நேரத்துல ஞாபகப்படுத்தலை).

வீட்ல கேஸ் அடிக்கிறது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. அமெரிக்காவுல இது சகஜம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், நாம டியோடரன்ட் வாங்குற மாதிரி ஒரு கேன் வாங்கிட்டு வந்து, வீட்டு வாசல்லயே ஏத்திக்குவாங்க. கலிபோர்னியாவுல 2010-லேர்ந்து அந்த கேனுக்கு 10 டாலர் டெபாசிட். திருப்பிக் கொடுத்தாதான் காசு வரும். 2018-லேர்ந்து நாடு முழுக்க, கழட்டினதும் தானா மூடிக்கிற வால்வு வச்ச சின்ன கேனைத்தான் விக்கணும்னு சட்டம். ஒரு கேனுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? அப்ப எனக்குப் புரியலை. நம்ம ஊர்லயும் 450 கிராம் கேன் ஆன்லைன்லயே கிடைக்குது. மீட்டர் வச்ச ஹோஸும் சேர்த்து 1,400 ரூபாய். நானூறு ரூபாய் மிச்சம்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

பானைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

கதையை நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் கிளாஸ். பயப்படாதீங்க, அட்டெண்டன்ஸ் கிடையாது.

மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுனு இருக்கு? பானை மேல கசியுற தண்ணி ஆவியாகுது. ஆவியாகணும்னா சூடு வேணும். அந்தச் சூட்டை உள்ளே இருக்கிற தண்ணிகிட்டேர்ந்து உருவிக்குது. கார் ஏசியும் அதே வேலையைத்தான் செய்யுது. தண்ணிக்குப் பதிலா ஆர்-134ஏ-னு ஒரு திரவம். தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னா, இது சாதாரண காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியிலயே கொதிச்சுரும்! டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற எவாப்பரேட்டர்ல அது கொதிச்சு ஆவியாகி, காருக்குள்ள இருக்கிற சூட்டை உருவிக்குது. அந்த ஆவியை கம்ப்ரஸர் அமுக்கி, முன்னாடி ரேடியேட்டர் பக்கத்துல இருக்கிற கண்டென்ஸருக்குத் தள்ளுது. அங்கே சூட்டை வெளியே கொட்டிட்டுத் திரும்பவும் திரவமாகி, மறுபடி எவாப்பரேட்டருக்கு வருது. சுத்தி சுத்தி அதே கேஸ்தான்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டேன். பானையில் தண்ணி குறையும், ஏன்னா அது திறந்த பானை. கார் ஏசி மூடின சிஸ்டம். பெட்ரோல் மாதிரி கேஸ் ‘தீர்ந்து’போகாது. ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல துளித்துளியா கசியும், அது வேற. ஆனா வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்குன்னா, எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். இந்த ஒரு வரி புத்தகத்துல இருக்கு. நானும் படிச்சிருக்கேன். சொந்தக் காருக்கு வரும்போது எவனுக்குப் புத்தகம் ஞாபகம் வருது?

சித்திரை ஒண்ணு, ஆபரேஷன் ஜில்!

தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு அப்பா சவாரிக்குப் போகலை. காலையில மாங்காய்ப் பச்சடி, மதியம் ஆபரேஷன்.

முதல்ல செஞ்சது நல்ல காரியம்தான், அதனால பெருமையா சொல்லிக்கிறேன். ஏசி கூலிங் இல்லைன்னா உடனே கேஸ்னு முடிவு கட்டாதீங்க. க்ளவ் பாக்ஸைக் கழட்டினா பின்னாடி கேபின் ஃபில்டர் இருக்கும். எங்க கார்ல அதை எடுத்தா... கறுப்பா ஒரு வஸ்து. அரச இலை, முடி, மெட்ரோ வேலை நடந்த ரோட்டுப் புழுதி மொத்தமும்! புதுசு 250 ரூபாய், மாட்ட அஞ்சு நிமிஷம். அப்புறம் பானெட்டைத் திறந்து, ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸர்ல ‘டக்’னு க்ளட்ச் பிடிக்குற சத்தம் வருதான்னு கேட்டேன். கண்டென்ஸர் ஃபேன் சுத்துதான்னு பார்த்தேன். கண்டென்ஸர்ல அப்பியிருந்த புழுதியை லேசா தண்ணி அடிச்சுக் கழுவினேன். இதெல்லாம் நீங்களும் தாராளமா வீட்ல செய்யலாம். பாதி கார்களுக்கு வைத்தியம் இங்கேயே முடிஞ்சுரும்னுதான் என் கட்சி.

தம்பியோட மீன் தொட்டி தெர்மாமீட்டரைப் பிடுங்கி ஏசி காத்து வர்ற இடத்துல வச்சேன். 24 டிகிரி. ஃபில்டர் மாத்தியும் தேறலை. சரி, கேஸ்தான்.

பானெட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், தேடிப் பாருங்க. என்ன கேஸ், எத்தனை கிராம்னு போட்டிருக்கும். எங்களுது ஆர்-134ஏ, 450 கிராம். ஐரோப்பாவுல 2017-லேர்ந்து விக்கிற எல்லாப் புதுக் காரும் வேற கேஸ். அங்கே இப்போ ஆர்-1234ஒய்எஃப்தான் ரொம்ப சகஜம். அது லேசா தீப்பிடிக்கும், அதுக்கு கனெக்டரும் வேற. ஒண்ணுல இன்னொண்ணைக் கலக்கவே கூடாது. எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார் வச்சிருக்கிறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. அதுல கம்ப்ரஸர் ஹை வோல்டேஜ்ல ஓடுது. தப்பான ஆயில் உள்ளே போனா இன்சுலேஷன் போச்சு, ஷாக் அடிக்கவும் வாய்ப்பு இருக்கு.

கண்ணாடி, கையுறை மாட்டிக்கிட்டேன். மைனஸ் 26-ல கொதிக்கிற சமாசாரம் கண்ணுல பட்டா கண்ணு காலி. காரை வெட்டவெளியில நிறுத்தணும். இந்த கேஸ் காத்தைவிட கனம், மூடின ஷெட்ல கீழே தேங்கி மூச்சை முட்டும். அப்பா பீடியோட வேடிக்கை பார்க்க வந்தார், கேட்டுக்கு வெளியே துரத்திட்டேன். ஆர்-134ஏ தீப்பிடிக்காதுதான். ஆனா நெருப்புல பட்டுப் பிரிஞ்சா விஷ வாயு.

ரெண்டு போர்ட் இருக்கும். தடிமனான பைப்ல இருக்கிறது லோ சைடு, மூடியில ‘எல்’னு போட்டிருக்கும். ஒல்லியான பைப்ல ‘ஹெச்’. வீட்டு ஹோஸ் லோ சைடுலதான் மாட்டும், சைஸையே அப்படி வச்சிருக்காங்க. மாட்டலைன்னு வம்படியா ஹெச்-ல திணிக்காதீங்க. கம்ப்ரஸர் அமுக்குற அழுத்தம் அப்படியே கேனுக்குள்ள போய், கேன் குண்டாயிரும்.

இன்ஜின் ஆன், ஏசி ஃபுல், கதவெல்லாம் திறந்து வச்சாச்சு. ஹோஸ்ல இருந்த காத்தைக் கொஞ்சம் கேஸால விரட்டிட்டு மாட்டினேன். கேனை நிமிர்த்தியே பிடிக்கணும், அப்பதான் ஆவி போகும். கவுத்தினா திரவம் போகும். திரவத்தை அமுக்க முடியாது, கம்ப்ரஸர் உடைஞ்சுரும். முள் 22-ல நின்னுச்சு. கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு... 30... 35... 42. மீட்டர்ல பச்சைக் கலர்! நிறுத்தினேன். லேப் ரெக்கார்டு எழுதுற புத்தி, முன்னாடியும் பின்னாடியும் அம்மாவோட மாவு நிறுக்குற தராசுல கேனை வச்சுப் பார்த்தேன். 250 கிராம் உள்ளே போயிருக்கு.

மீன் தொட்டி தெர்மாமீட்டர்ல 10 டிகிரி!

அப்பா உள்ளே உட்கார்ந்து ரெண்டு கையையும் ஏசிக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு ஒண்ணும் பேசலை. அப்புறம் தெருவுல போன எல்லாரையும் கூப்பிட்டு “எங்க பாப்பா போட்டது, கை வச்சுப் பாருங்க!”னார். அயர்ன்காரர் கை வச்சுப் பார்த்தார். எனக்கு ஐ.ஐ.டி-யில டாக்டர் பட்டம் கொடுத்த மாதிரி இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல இன்னொரு காரியமும் பண்ணினேன். கண்டென்ஸர் பைப் ஜாயின்ட் பக்கம் பிசுபிசுன்னு ஒரு கறை. கார் பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு அப்பாவோட பழைய பனியனால சுத்தமா துடைச்சு விட்டேன்.

கத்திரி வெயில் ஆரம்பிச்ச மூணாவது நாள் போன் வந்துச்சு. அப்பா ஏர்போர்ட் வாசல்ல இருந்தார். “பாப்பா... பழையபடி சூடா வருதுடா.” திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை.

துடைச்சுட்டியே தங்கச்சி!

மறுநாள் வேற ஒரு கடைக்குப் போனோம். ஏசி வேலை மட்டும் பார்க்குற சின்ன ஷெட். நான் நடந்ததை முழுசா சொன்னேன், மீட்டர்ல பச்சை வந்துச்சுன்னு அழுத்திச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் சிரிக்காமக் கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டார். “வீட்ல கேஸ் சிலிண்டர்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எப்படிப் பார்ப்பீங்க தங்கச்சி?”

அம்மா ஈரத்துணி சுத்துவாங்க. திரவம் இருக்கிற உயரம் வரைக்கும் ஈரம் சீக்கிரம் காயாது. இல்லைன்னா தூக்கிப் பார்ப்பாங்க.

“ஏன், மீட்டர் மாட்டிப் பார்க்க வேண்டியதுதானே?”

டமார்னு உள்ளே ஏதோ விழுந்துச்சு. சிலிண்டர் முழுசா இருந்தாலும் சரி, கால்வாசி இருந்தாலும் சரி, உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் ஒண்ணுதான். அது வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது இல்லை. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு 30 டிகிரியில பார்த்தா ஆர்-134ஏ சுமார் 97 பி.எஸ்.ஐ காட்டும். 450 கிராம் இருந்தாலும் அதே 97, அதுல பாதி இருந்தாலும் 97! ஓடும்போது காட்டுற நம்பரும் வெயில், ஃபேன் வேகம், இன்ஜின் வேகம்னு எல்லாத்துக்கும் ஆடும். சேச்சுரேஷன் பிரஷர்... தெர்மோ, முதல் யூனிட்லயே வரும். அரியர் ஏன் விழுந்துச்சுன்னு அந்த ஷெட்லதான் விளங்குச்சு. நான் உள்ளே எவ்வளவு விட்டேன்னு எனக்குத் தெரியும். உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாது. அப்ப அந்தப் பச்சைக் கலருக்கு என்ன மதிப்பு?

அவர் மெஷினை மாட்டி மிச்ச கேஸைத் திரும்ப உறிஞ்சினார். வெளியே ‘புஸ்’னு திறந்து விட்டுடுற கடைகளும் உண்டு. இவர் அப்படிச் செய்யலை. மெஷின் காட்டினது 210 கிராம். அப்புறம் நைட்ரஜனை ஏத்தி, சோப்பு நுரையோட ஒவ்வொரு ஜாயின்ட்டா போனார். முக்கால் மணி நேரமாச்சு, சிக்கலை. கண்டென்ஸர் பக்கம் வந்து நின்னு கேட்டார்.

“இங்கே பிசுக்கு ஏதாவது இருந்துச்சா தங்கச்சி?”

“இருந்துச்சுண்ணா... துடைச்சுட்டேன்.”

“அதுதானே அட்ரஸ்! அட்ரஸை அழிச்சுட்டு வீட்டைத் தேடச் சொன்னா எப்படி?”

கம்ப்ரஸர் ஆயிலும் கேஸோட சேர்ந்துதான் சுத்துது. எங்கே கேஸ் கசியுதோ அங்கே ஆயிலும் கசிஞ்சு புழுதியைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்த ஜாயின்ட்ல நுரை மெதுவா, ரொம்ப மெதுவா ஒரே ஒரு குமிழி விட்டுச்சு. ஓ-ரிங். சுண்டுவிரல் மோதிரம் சைஸுக்கு ஒரு ரப்பர் வளையம். விலை 60 ரூபாய்.

மாத்தினதும் உடனே கேஸ் அடிக்கலை. வேக்குவம் பம்ப் போட்டு அரை மணி நேரம் உறிஞ்சினார். உள்ளே புகுந்த காத்தும் ஈரமும் போகணும். ஈரம் தங்கினா எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸாகி அடைக்கும், ஆயிலோட சேர்ந்து ஆசிட் ஆகி உள்ளேயே அரிக்கும். என்னோட கேன் வைத்தியத்துல இந்தப் படியே கிடையாது. வால்வை மூடிட்டு முள் அசையுதான்னு இன்னொரு அரை மணி நேரம். அசையலை. கடைசியா தராசு வச்சு 450 கிராம், ஒரு கிராம் முன்னே பின்னே இல்லாம. என் கேன்ல மிச்சமிருந்த 200 கிராமையும் வாங்கி அதுலயே சேர்த்துட்டு, பில்லுல 150 ரூபாய் குறைச்சார். மொத்தம் 2,300.

“லீக்கை அடைக்கிற மருந்து கலந்த கேன்கூட விக்குதேண்ணா?”னு கேட்டேன். “அது ஓட்டையை அடைக்கும். சில சமயம் எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கும். என் மெஷினையும் அடைக்கும். அதைப் போட்டுட்டு வந்த காரை நான் தொடவே மாட்டேன்”னார். மலிவா கிடைக்குதேன்னு பேர் தெரியாத கேனும் வேண்டாம். 2011-ல கப்பல்ல போற குளிர்சாதன கன்டெய்னர்கள்ல ஆர்-134ஏ-ங்கிற பேர்ல மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸை ஏத்தினதுல, அது உள்ளே இருந்த அலுமினியத்தோட வினை புரிஞ்சு வெடிச்சு, மூணு தொழிலாளர்கள் இறந்துபோனாங்க.

ராத்திரி போட்ட கணக்கு

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை, கணக்கு போட்டேன். போன வருஷக் கடை பில்லுல 450 கிராம் ஏத்தினதா இருக்கு. நான் விட்டது 250. திரும்பக் கிடைச்சது 210. ஆக, காத்துல போனது 490 கிராம். போனா போகட்டுமேங்கிறீங்களா? நூறு வருஷக் கணக்குல பார்த்தா, ஒரு கிலோ ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குறது 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். அப்ப எங்க 490 கிராம், 700 கிலோ! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அதாவது 300 லிட்டர் பெட்ரோலை எரிச்ச மாதிரி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னு வச்சா, சென்னையிலேர்ந்து கன்னியாகுமரிக்கு மூணு தடவை போயிட்டு வரலாம். கார் வாசல்லயே நிக்குது, 60 ரூபாய் வளையம் வழியா மூணு தடவை கன்னியாகுமரி போயிட்டு வந்திருக்கு. அந்த 10 டாலர் டெபாசிட் ஏன்னு இப்பப் புரியுது.

இதுல வேடிக்கை, ஆர்-134ஏ வந்ததே ஒரு பிராயச்சித்தமாத்தான். அதுக்கு முன்னாடி கார்கள்ல ஆர்-12 இருந்துச்சு. 1928-ல தாமஸ் மிட்ஜ்லி குழு உருவாக்கின கேஸ் குடும்பம் அது. விஷமில்லை, எரியாது, அற்புதம்னு கொண்டாடினாங்க. 1974-ல மோலினாவும் ரோலண்டும் ‘இது மேலே போய் ஓசோனைத் தின்னும்’னு சொன்னாங்க. 1987-ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, ஆர்-12 போய், ஆர்-134ஏ வந்துச்சு. ஓசோன் பிழைச்சுது, சூடு மாட்டிக்கிச்சு. இதையும் குறைக்கணும்னு 2016-ல கிகாலியில ஒப்பந்தம். இந்தியா 2021-ல ஏத்துக்கிச்சு. நம்ம நாட்டுல 2032-லேர்ந்து படிப்படியா குறைச்சு, 2047-ல 85 சதவிகிதம் குறைச்சிருக்கணும். அப்ப நமக்கெல்லாம் நாப்பது வயசுக்கு மேல ஆகியிருக்கும், பாஸ்!

சரி, எங்க கார்? ஜூன் மாசம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா வேளச்சேரியிலேர்ந்து போன் பண்ணினார். பதறியடிச்சு எடுத்தேன். “தூங்கிட்டியா பாப்பா? இப்ப இறங்கினாங்கள்ல ஒரு அம்மா... பாதி வழியில என்ன சொன்னாங்க தெரியுமா? ‘ஏசியைக் கொஞ்சம் குறைங்க தம்பி, குளுருது’ன்னாங்க!”

இதைச் சொல்றதுக்கா அந்த நேரத்துல ஒரு போன்? “குறைச்சீங்களாப்பா?”னு கேட்டேன்.

“குறைச்சேன், குறைச்சேன். கொஞ்ச தூரம் தள்ளிப் போய்க் குறைச்சேன்!”